குழாயின் மறுமுனை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று ஓடிவிடுவாய். எழுதினால் தூங்கப் போகும்முன்னாவது படிப்பாய் என்று அம்மா சொன்னாள்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். நண்பர்களோடு கடற்கரையில் குப்பை பொறுக்கி மூட்டை மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் என்னை உறுத்தியது: "இந்த ஜனங்கள் திருந்தவே மாட்டார்கள்." உன் கோபத்தில் தப்பில்லை. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன். நான் கடலை மேல்தளத்தில் நின்று ரசித்ததைவிட, கப்பலின் அடியில் இன்ஜின் ரூமில் உட்கார்ந்து, எதை எந்த வால்வ் வழியாக அதற்குள் விடலாம், எதை விடக்கூடாது என்று கவனித்த காலம்தான் அதிகம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் கப்பலில் சேரும் குப்பை எல்லாம் பின்பக்கமாகக் கடலுக்குத்தான் போகும். பெயிண்ட் டப்பா, கயிறு, பிளாஸ்டிக், எதுவும் விலக்கில்லை. அன்றைய விதிகள் அதைத் தடுக்கவில்லை. 1988 டிசம்பர் 31 அன்று, கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு அமலுக்கு வந்தது. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் எறியக்கூடாது என்றது. அதற்குப் பிறகு அதே மாலுமிகள்தான் குப்பையைப் பிரித்து டிரம்களில் அடைத்து, துறைமுகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். ஒரே இரவில் அவர்களுக்கு ஞானம் வந்துவிடவில்லை. எழுதிவைக்க ஒரு பதிவேடு வந்தது, அதைத் திறந்து பார்க்க ஓர் அதிகாரி வந்தார்.

எண்ணெய் விஷயத்திலும் இதே கதைதான். இன்ஜின் ரூமின் அடித்தட்டில் எப்போதும் எண்ணெயும் நீரும் கலந்து தேங்கும். பில்ஜ் என்போம். அதைப் பிரிப்பானில் விட்டு, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத நீரை மட்டுமே வெளியே விடலாம். சில கப்பல்களில் பிரிப்பானைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போகும் ஒரு திருட்டுக் குழாயை மாட்டிவைப்பார்கள். 'மேஜிக் பைப்' என்று அதற்குப் பெயர். 2016-இல் பிரின்சஸ் குரூஸ் என்ற உல்லாசக் கப்பல் நிறுவனம் இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அதைக் காட்டிக்கொடுத்தவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் இன்ஜினியர். என் தொழிலில் எனக்குப் பெருமை தரும் ஆட்களில் அவரும் ஒருவர்.

எண்ணெய்க் கசிவு என்றதும் உனக்கு எக்ஸான் வால்டெஸ் நினைவுக்கு வரும். 1989-இல் அலாஸ்காவில் பாறையில் மோதிய டேங்கர், அதாவது எண்ணெய்க் கப்பல். அந்தப் படங்களை உலகமே பார்த்தது. ஆத்திரத்தோடு நிற்காமல் சட்டமும் வந்தது. புதிய டேங்கர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வெளிச்சுவர் கட்டாயமானது. 1970களில் ஏழு டன்னுக்கு மேற்பட்ட டேங்கர் கசிவுகள் ஆண்டுக்குச் சராசரியாக 80-ஐ ஒட்டி நடந்தன. 2010களில் அது ஆறேழாகக் குறைந்தது. இத்தனைக்கும் கடலில் போகும் எண்ணெயின் அளவு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. இன்றைக்கு டேங்கர் விபத்துகளைவிட, சாலையிலும் பணிமனையிலும் சொட்டி மழைநீரோடு சாக்கடை வழியாக வந்து சேரும் எண்ணெய்தான் அதிகம். அதற்குப் பெயரும் கிடையாது, படமும் கிடையாது.

கடல் மாசில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு நிலத்திலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி யாருடைய கையும் எறிந்ததல்ல. ஆறும் சாக்கடையும் ஆலைக் குழாயும் கொண்டுவந்து சேர்ப்பவை. பல இடங்களில் முறையான அனுமதியோடுதான்.

"கடல் எவ்வளவு பெரிசு, கரைஞ்சு போயிடாதா?" என்று சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய். உன்னை மட்டும் சொல்வானேன், பெரிய பெரிய இன்ஜினியர்களே நூறு வருஷம் இதை நம்பித்தான் குழாய் போட்டார்கள். நச்சைப் போதுமான அளவு நீர்க்கச் செய்தால் அது இல்லாமலே போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. கடல் கரைக்கும், உண்மைதான். ஆனால் கடலில் இருக்கும் உயிர்கள் அதைத் திரும்பத் திரட்டிவிடும் என்பதை அந்தக் கணக்கு மறந்துவிட்டது.

ஜப்பானின் மினமாட்டா இதற்குச் சாட்சி. அங்கே சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டது. நீரில் அது அற்பமான அளவுதான். நுண்பாசி எடுத்துக்கொண்டது, பாசியைத் தின்ற சிற்றுயிர் அதைச் சேர்த்துவைத்தது, அதைத் தின்ற மீன் இன்னும் சேர்த்தது. வட்டிக்கு வட்டி போல ஒவ்வொரு படியிலும் ஏறியது. முதலில் பூனைகள் வலிப்பு வந்து துள்ளித் துள்ளி விழுந்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் நடுங்கியது, பார்வை சுருங்கியது, பேச்சு குழறியது. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் பாதரசம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதில் எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1958-இல் அந்த ஆலை கழிவுக் குழாயைத் துறைமுகத்திலிருந்து ஆற்றின் முகத்துவாரத்துக்கு மாற்றிவிட்டது. கழிவை நிறுத்தவில்லை, குழாயின் வாயை நகர்த்தினார்கள், அவ்வளவுதான். அதுவரை நோய் எட்டாத கரைகளிலும் ஆட்கள் விழுந்தார்கள். அடுத்த வருஷம் ஆலையின் சொந்த மருத்துவர் ஹோசோகவா, கழிவுநீரைப் பூனைக்குக் கொடுத்து அதே நோய் வருவதைக் கண்டுபிடித்தார். நிர்வாகம் அதை வெளியே வரவிடவில்லை. அந்தக் கடற்கரையில் அன்று குப்பை பொறுக்க யாராவது போயிருந்தால், கரை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லித் திரும்பியிருப்பார்கள்.

அங்கே தாய்மார்கள் பலர் பார்வைக்கு நன்றாகவே இருந்தார்கள், பிறந்த குழந்தைகள் மட்டும் மூளை பாதித்துப் பிறந்தன. நஞ்சு நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்றுதான் அன்றைய மருத்துவம் நம்பியது. ஜப்பானியக் குடும்பங்கள் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்தும் வழக்கம் உள்ளவை. ஹரதா மசசூமி என்ற மருத்துவர் அந்தக் கொடிகளை வாங்கிச் சோதிக்கச் செய்தார். பாதரசம் அதில் இருந்தது.

கொல்லும் திமிங்கிலம் என்று சொல்லப்படும் ஓர்க்காவிலும் இப்படி ஒன்று நடக்கிறது. மின்மாற்றிகளில் ஊற்றிய பிசிபி என்ற எண்ணெய் வகை ரசாயனத்தைப் பல நாடுகள் நாற்பது வருஷத்துக்கு முன்பே தடை செய்துவிட்டன, ஆனால் அது சிதைவதில்லை. கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்ளும். தாய் ஓர்க்கா பால் கொடுக்கும்போது அவள் சுமந்த நஞ்சின் பெரும்பங்கு முதல் கன்றுக்குப் போய்விடுகிறது. தாயின் சுமை குறைகிறது, கன்றின் சுமை கூடுகிறது. 2016-இல் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் லூலு என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருந்த ஒரு பெண் ஓர்க்கா இறந்து ஒதுங்கியது. தாங்கக்கூடிய அளவைப்போல 100 மடங்குக்கும் மேல் பிசிபி அதன் உடம்பில் இருந்தது. இருபது வயதைத் தொட்டும் அது ஒரு கன்றும் ஈன்றதில்லை. இதைப் படித்த அன்று உன் அம்மாவிடம் சொன்னேன். "சாப்பிடுற நேரத்தில் இதையா சொல்வீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

சரி, நஞ்சு என்றால் நஞ்சு. உரம்? அது நல்ல பொருள்தானே? வயலில் போட்ட நைட்ரஜனில் பயிர் எடுத்ததுபோக மிச்சம் மழையோடு ஆற்றுக்கு வந்து கடலுக்குப் போகிறது. வீட்டுச் சாக்கடையும் அதோடு சேர்கிறது. கடலில் பாசி கொழுத்து வளர்கிறது, செத்து அடியில் விழுகிறது. அதை அழுகச் செய்யும் பாக்டீரியா, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. நீந்தத் தெரிந்த மீன் ஓடிவிடும். நண்டும் சிப்பியும் புழுவும் எங்கே ஓடும்? மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆறு கலக்குமிடத்தில் ஒவ்வொரு கோடையிலும் இப்படி ஒரு செத்த பகுதி உருவாகிறது. 2017-இல் அது சுமார் 22,700 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்தது. 2008-இல் எடுத்த கணக்குப்படி உலகில் இப்படி 400-க்கும் மேற்பட்ட இடங்கள்.

கருங்கடலில் மட்டும் ஒரு விசித்திரம் நடந்தது. அதன் வடமேற்குப் பகுதி 1980களில் இப்படித்தான் மூச்சுத் திணறிக் கிடந்தது. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்தது, மானியம் போயிற்று, விவசாயிகளுக்கு உரம் வாங்கக் காசில்லை. சில வருஷங்களிலேயே செத்த பகுதி பெருமளவு சுருங்கிவிட்டது. கடலைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவேயில்லை. குழாய் தானாகச் சிறுத்தது, கடல் பதில் சொன்னது. அதற்காக விவசாயி நொடித்துப்போகட்டும் என்று நான் சொல்லவில்லை. பயிருக்கு எட்டாமல் ஓடிவிடும் உரத்தால் அவருக்கும் நஷ்டம்தான்.

இப்போது உன் பிளாஸ்டிக்குக்கு வருகிறேன். 2010-ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் டன்னிலிருந்து 127 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குள் போயிருக்கும் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பசிபிக்கில் பிளாஸ்டிக் தீவு ஒன்று இருக்கிறது, அதன்மேல் நடக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த வழியாகப் போகும் கப்பலில் நின்று பார்த்தால் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் தெரியும். அங்கே மிதப்பதில் எண்ணிக்கையில் அதிகம் அரிசிமணியைவிடச் சிறிய துணுக்குகள். எடையில் ஏறத்தாழ பாதி மீன்வலைகள். அறுந்த வலை யாருக்காகவும் இல்லாமல் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

யாரும் எறியாத பிளாஸ்டிக்கும் இருக்கிறது. ஆறு கிலோ செயற்கை நூல் துணியை ஒருமுறை சலவை இயந்திரத்தில் போட்டால் 7 லட்சம் இழைகள் வரை வெளியேறலாம் என்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு 2016-இல் சொன்னது. டயர் தேய்ந்து உதிரும் தூளில் இருக்கும் ஒரு ரசாயனம் மழைநீரோடு ஓடைக்குப் போய், அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களை முட்டையிடும் முன்பே கொன்றுகொண்டிருந்தது. ஏன் சாகின்றன என்று பல வருஷம் தேடி, 2020-இல்தான் ஆளைப் பிடித்தார்கள். 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கொட்டின. அவை இன்னும் பையாகவோ பாட்டிலாகவோ ஆகாத மூலப்பொருள். இதில் எந்த ஜனங்களை நீ திருத்துவாய்?

அதனால் குப்பை பொறுக்கப் போகாதே என்று அர்த்தமில்லை. போ. ஆனால் எண்ணி எழுதுங்கள். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தன்னார்வலர்கள் குப்பை எடுத்தபோது, ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்துக்கொண்டார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் கடற்கரைத் துப்புரவு நாளுக்கு அதுதான் தொடக்கம். எந்தப் பொருள், எத்தனை, எந்த ஓடை வாய்க்குப் பக்கத்தில் என்று ஒரே இடத்தில் தொடர்ந்து எழுதினால், அது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும். எடை போட்டுப் படம் எடுப்பதோடு விட்டால் அடுத்த மாதம் அதே மூட்டைதான்.

இரண்டு விஷயம், இதோடு ஒட்டாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஒன்று சத்தம். எங்கள் புரொப்பெல்லர் போடும் சத்தமும் மாசுதான் என்பதை யாரும் நினைப்பதில்லை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு கப்பல் போக்குவரத்து குறைந்த நாட்களில், கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் திமிங்கிலங்களின் சாணத்தைச் சோதித்தவர்கள், மன அழுத்தச் சுரப்பு குறைந்திருந்ததைக் கண்டார்கள். இன்ஜினை நிறுத்தினால் அந்த நிமிஷமே தீர்ந்துபோகும் மாசு இது. இன்னொன்று, வானத்தைப் பார்த்து நிற்கும் குழாய். நாம் புகையாக வெளியே விடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் உள்வாங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைவிட மேற்பரப்பு நீரின் அமிலத்தன்மை 30 சதவீதம் அளவுக்குக் கூடிவிட்டது. சிப்பிக் குஞ்சு ஓடு கட்டத் திணறுகிறது. இதைப் பிரிப்பானில் விட்டு எடுக்க முடியாது.

2022-இல் நைரோபியில் நாடுகள் கூடி, பிளாஸ்டிக்குக்கு ஓர் உலக ஒப்பந்தம் எழுதுவோம் என்று முடிவெடுத்தன. 2024-இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனிவாவிலும் உடன்பாடு இல்லாமல் கலைந்தன. உற்பத்திக்கே வரம்பு வேண்டும் என்பது ஒரு பக்கம், குப்பையை ஒழுங்காகக் கையாண்டால் போதும் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எண்ணெயை விற்கும் நாடுகள் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஜனங்கள் திருந்தவில்லை என்று நீ சொல்லும்போது, உனக்குத் தெரியாமலே அந்த இரண்டாவது பக்கத்தின் வாதத்தை எடுத்துக்கொடுக்கிறாய். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

உங்கள் குழுவில் இத்தனை பேர் இருக்கிறீர்களே, ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் சுத்தம் செய்யும் கரைக்கு மிக அருகில் கடலில் விழும் கழிவுக் குழாய் எது, அது யாருடையது, எந்த அனுமதியின் கீழ் ஓடுகிறது என்று கேட்டு வாங்குங்கள். அந்த அனுமதித் தாளில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு இருக்கும். அதோடு திருப்தியாகிவிடாதே. வெளியே போகும் நீரில் எண்ணெய் எவ்வளவு என்று அளக்கும் எங்கள் பில்ஜ் மீட்டரை ஏமாற்ற நினைப்பவர்கள் சென்சாருக்குள் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் திறந்துவிடுவார்கள். மீட்டர் 15-க்குக் கீழே காட்டும், எண்ணெய் என்னவோ அதே அளவுதான் போகும். ஆலையிலும் கழிவில் நல்ல தண்ணீரைக் கலந்து அப்படிச் செய்ய முடியும். ஆகவே ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிலோ விடலாம் என்று அந்தத் தாளில் இருக்கிறதா பார். மாதிரி எடுப்பது யார், ஆலைக்காரரா வெளியாளா, முன்னறிவிப்போடா இல்லாமலா என்றும் பார். தாள் கிடைத்ததும் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, கடைசி அட்டவணையை விட்டுவிடாதே. எந்த எண் விடுபட்டிருக்கிறது என்று நான் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா