சாமான் லொறி வராத வியாழக்கிழமை

லண்டன்,
7 செப்டம்பர் 2025

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நல்லூர்த் தேரன்று வெயிலில் நின்று தலை சுற்றி, முன்பின் தெரியாத ஒரு பெடியன் உன்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பந்தலில் இருத்தியதை வாசித்தேன். மனைவியிடம் சொன்னதற்கு, "உங்கள் கூட்டாளிக்கு இன்னும் இருபது வயதென்ற நினைப்பு" என்றாள். கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். மற்றக் கண்ணை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. எங்கள் வயதில் அடுத்த வருடம் என்பது கடனுக்குச் சாமான் வாங்குவது போன்றது.

"கடை எப்படிப் போகிறது?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். இதற்கு ஒரு வரியில் பதில் எழுத முயன்று இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன்.

1985இல் நாங்கள் இருவரும் நின்ற புடவைக்கடை நினைவிருக்கிறதா? கொழும்பிலிருந்து பொதிகள் வருவது குறைந்துபோன நேரம். வெறும் அட்டைப் பெட்டிகளுக்கு வெளியே ஒரு சுற்றுத் துணி சுற்றி மேல்தட்டில் அடுக்கச் சொன்னார் முதலாளி. கீழேயிருந்து பார்ப்பவருக்குத் தட்டு முட்ட சீத்தைத் துணி. "ஒருவர் மேல்தட்டுத் துணியைத்தான் கேட்டால் என்ன செய்வது?" என்று நீ கேட்டதற்கு, "அது விலைப்பட்டுவிட்டது என்று சொல்லு" என்றார். பின்கட்டில் போய் நின்று இருவரும் சிரித்தோம். நாற்பது வருடம் கழித்து, நாலு மாடிக் கடையில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்கிறேன். சிரிக்கத்தான் பக்கத்தில் நீ இல்லை.

எங்கள் கடையில் முன்பு ஒரு தட்டில் எட்டு விதமான துவாய்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு. இப்போது மூன்று விதம். அவற்றை முன்விளிம்புக்கு இழுத்து, அகலமாக மடித்து, இடைவெளி தெரியாமல் பரப்ப வேண்டும். பின்னால் கையை விட்டால் பலகைதான் தட்டுப்படும். காலையில் கதவு திறக்குமுன் ஒரு மணி நேரம் இதற்கே போகிறது. மூன்றாம் மாடியைச் "சீரமைப்புக்காக" என்று ஏப்ரலில் மூடினார்கள். சீரமைக்க ஒரு மேசன்கூட இன்னும் வரவில்லை. அங்கிருந்த சாமான்களை இரண்டாம் மாடிக்கு இறக்கியதில் இரண்டாம் மாடி ஒரு மாதம் நிறைவாகத் தெரிந்தது. வாடிக்கையாளர் ஒருவர், "வியாபாரம் நன்றாக நடக்கிறது போல" என்று என்னிடமே சொன்னார். நான் தலையாட்டினேன்.

எங்கள் தேநீர் அறையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. கடை மூடப்போகிறது என்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சகுனம். கானா நாட்டுப் பெண் ஒருத்திக்கு விளக்குகள்: எரிந்துபோன குழல் விளக்குகளை மாற்றுவது நின்றுவிட்டது, எரியாதவற்றை எண்ணிக்கொண்டு வருகிறாள், இதுவரை பதினெட்டு. போலந்துக்காரருக்கு நகரும் படி: ஜூனில் நின்றது, "திருத்துகிறோம்" என்ற அட்டையும் இப்போது வெயிலில் மங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புப் பகுதியில் நிற்கும் ஆங்கிலேயப் பெண்மணி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றைச் சொன்னார்: "கழிப்பறைத் தாள் மெலிந்துவிட்டது." அன்று எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபின் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

எனக்கு இவை பெரிதில்லை. கஞ்சத்தனமும் இப்படித்தான் தோற்றம் காட்டும். நான் பார்ப்பது வேறு. இந்தப் பெரிய கடைகளில் நிறைய இடம் கடையுடையது அல்ல. வாசனைத் திரவியம், கைப்பை, காலணி என்று ஒவ்வொரு கம்பெனியும் உள்ளே ஒரு மூலையை எடுத்துத் தன் ஆட்களை வைத்து விற்கும், விற்பனையில் ஒரு பங்கைக் கடைக்குக் கொடுக்கும். வாங்குபவர் கொடுக்கும் காசு முதலில் கடையின் பெட்டிக்குள் போய்ப் பிறகுதான் அந்தக் கம்பெனியின் கைக்கு வரும். ஆகவே கடை ஆட்டம் காணத் தொடங்கினால் முதலில் மணம் பிடிப்பவர்கள் அவர்கள்தான். வாசலுக்கு நேரே இருந்த வாசனைத் திரவிய மேடையை மே மாதம் ஒரே இரவில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் வெள்ளைப் பலகை வைத்து, சிரிக்கும் பெண்ணொருத்தியின் படம் ஒட்டியிருக்கிறது.

அடுத்தது சாமான் லொறி. கடைக்குக் கடனில் சாமான் அனுப்பும் கம்பெனிகள், காசு வராமல் போனால் என்று ஒரு காப்புறுதி எடுத்து வைத்திருக்கும். அந்தக் காப்புறுதிக்காரர்கள் கையை எடுத்துவிட்டால், "முதலில் காசு, பிறகு சாமான்" என்று கம்பெனிகள் சொல்லிவிடும். காசு இல்லாததால்தானே கடன்? தட்டு வெறுமையாகும், வெறுமையைப் பார்த்து ஆள் வராது, ஆள் வராததால் காசு குறையும். இது மேலே நடக்கும் விஷயம், எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் சாமான்கள் வழமையாக ஆகஸ்டிலேயே வந்து பின்கட்டில் நடக்க இடமில்லாமல் நிற்கும். போன வியாழனும் சாமான் இறங்கும் வாசலில் ஆறு மணிக்குப் போய் நின்றேன். லொறி வரவில்லை. அதற்கு முந்திய வியாழன் வந்ததில் பாதி, வேறொரு கிளையில் விற்காமல் திரும்பிய கோடைகாலத் தொப்பிகள்.

நான் இங்கே சேர்ந்தது 2008 கோடையில். நாலைந்து மாதத்தில், அதே வீதியில் எங்களுக்கு எதிரே இருந்த வுல்வர்த்ஸ் விழுந்தது. நாடு முழுவதும் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகள், சுமார் 27,000 வேலையாட்கள். 2009 ஜனவரி 6ஆம் திகதியோடு கடைசிக் கடையும் பூட்டு. அடுத்த நவம்பரில் அதற்கு நூறு வயது நிறைந்திருக்கும். கடைசி நாட்களில் தட்டு, கூடை, விலைச்சீட்டு மாட்டும் கம்பி எல்லாவற்றையும் விற்றார்கள். மதிய இடைவேளையில் போய் நானும் ஒரு கூடை வாங்கினேன். வெட்கமாக இருக்கிறது, இன்றும் வீட்டில் வெங்காயம் அதில்தான் கிடக்கிறது.

பிறகு 2016இல் பி.எச்.எஸ். என்ற கடைக் கம்பெனி விழுந்தது. அதற்கு முந்திய வருடம் அந்தக் கம்பெனியை முழுதாக ஒரு பவுணுக்கு விற்றிருந்தார்கள். பிழையாக எழுதவில்லை மச்சான், ஒரே ஒரு பவுண். நீ காதில் போட்டிருந்த தங்கப் பவுண் தோட்டைச் சொல்லவில்லை, இங்குள்ள காசைச் சொல்கிறேன். பதினோராயிரம் பேருக்கு வேலை போனது. ஓய்வூதிய நிதியில் பெரிய ஓட்டை இருந்தது வெளியே வந்து, நாடாளுமன்றக் குழு விசாரித்து, முன்னாள் முதலாளி பிலிப் கிரீன் 2017இல் 363 மில்லியன் பவுண் கட்டினார். அதற்குப் பிறகு டெபனம்ஸ் என்ற பெருங்கடை. 1778இல் தொடங்கியது, எங்கள் ஊரில் ஒல்லாந்தர் இருந்த காலம். சொந்தக் கட்டடங்கள் பலவற்றை விற்றுவிட்டு, அவற்றிலேயே நீண்ட குத்தகைக்கு வாடகைக்காரனாக உட்கார்ந்தார்கள். விற்ற காசு வேறு பக்கம் போனது, வாடகை மட்டும் வருடா வருடம் நின்றது. 2021 மே மாதம் கடைசிக் கதவும் மூடியது. இணையத்தில் சாமான் விற்கும் ஒரு கம்பெனி பெயரை மட்டும் 55 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. பெயருக்கு விலை இருந்தது, உள்ளே நின்ற பன்னிரண்டாயிரம் பேருக்கு இல்லை. எல்லோரும் இணையத்தில் வாங்குகிறார்கள், அதனால்தான் கடைகள் சாகின்றன என்று செய்தியில் சொல்வார்கள். அது பாதிதான். மற்றப் பாதி அந்த வாடகைக் கணக்கில் இருக்கிறது.

இங்கு கட்டட வாடகையைப் பழைய வழக்கப்படி வருடத்தில் நாலு தரம் முன்பணமாகக் கட்டுவார்கள்: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. தள்ளாடும் கடைகள் பல தரம் இந்த நாட்களை ஒட்டித்தான் விழும். தேநீர் அறை நாட்காட்டியில் யாரோ செப்டம்பர் 29ஐப் பென்சிலால் மெல்லிசாகச் சுற்றியிருக்கிறார்கள். யாரென்று தெரியாது. யாரும் அழிக்கவும் இல்லை.

இனி நீ நிச்சயம் கேட்கப் போவது: "அப்படியென்றால் ஏன் இன்னும் நிற்கிறாய்?" கணக்கைச் சொல்கிறேன். இங்குள்ள சட்டப்படி, ஆட்குறைப்புச் செய்தால் நாற்பத்தொரு வயதுக்குப் பிந்திய ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒன்றரை வாரச் சம்பளம். எனக்குப் பதினேழு வருடம், ஆக இருபத்தைந்தரை வாரம். கம்பெனியிடம் காசு இல்லாவிட்டால் அரசாங்க நிதியிலிருந்து தருவார்கள். இந்த 2025ஆம் வருடக் கணக்குப்படி ஒரு வாரத்துக்கு 719 பவுணுக்கு மேல் கணக்கெடுக்கமாட்டார்கள். என் சம்பளம் அந்த வரம்பைத் தொட்டதில்லை, அதனால் பயமில்லை. ஆனால் நானாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனால் ஒரு சதம் கிடையாது. மருமகன் எனக்கென்று ஒரு சுப்பர்மார்க்கட்டில் இரவு வேலை பார்த்து வைத்திருக்கிறான், ஒக்டோபரில் தொடங்க வேண்டும். அங்கே போனால் முதல் நாள் பிள்ளை. இரண்டு வருடம் முடியுமட்டும் இந்த உரிமை எதுவும் இல்லை. போனால் அரை வருடச் சம்பளம் போகும். நின்றால், கடை இன்னும் இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு கிடக்கவும் கூடும், அறுபது வயதில் எவன் எடுப்பான்? மூடப்போகிறது என்று பயந்த நாங்கள் இப்போது, மூடுவதென்றால் கெதியாக மூடட்டும் என்று நினைக்கத் தொடங்கிவிட்டோம். இதை வெளியே சொல்ல ஒருவருக்கும் வாயில்லை.

எங்கள் பகுதியில் எட்டு மாதமாக வேலை செய்யும் பெடியன் ஒருவனிடம், "உனக்கு இங்கே இழக்க ஒன்றுமில்லை, வேறு இடம் பார்" என்று சொன்னேன். மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஆட்களின் மனதைக் கெடுக்கக் கூடாது என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் ஒன்றும் தெரியாது, மச்சான். இந்த வருடம் வந்த மூன்றாவது மேலாளர் அவர். எங்கள் பழைய முதலாளியைத் திட்டுவதற்காவது ஒரு முகம் இருந்தது. தைப்பொங்கலுக்கு முதல் நாள் கூப்பிட்டு ஆளுக்கொரு வேட்டி தந்து, "இனி முடியாது தம்பி" என்றார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தார் என்பதையும் நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்கமாட்டாய்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எண்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண்மணி, வாரம் ஒரு தரம் வருபவர், பேத்திக்குக் கிறிஸ்துமஸுக்கென்று ஐம்பது பவுணுக்குப் பரிசு அட்டை கேட்டார். கடை விழுந்தால் அந்த அட்டை வைத்திருப்பவர் கடன்காரர் வரிசையின் வாலில் நிற்க வேண்டியதுதான். அட்டை என் கையில் இருந்தது. விற்பதுதான் என் வேலை. "பேத்திக்கு என்ன வயது?" என்று கேட்டேன். பதினைந்து என்றார். "அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கையில் காசாகக் கொடுத்தால்தான் சந்தோஷம் அம்மா" என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சுற்றியுள்ள தட்டுகளைப் பார்த்தார். "நீங்கள் கவனமாக இருங்கள்" என்று சொல்லி, ஒரு துவாய் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அவர் போனபின் அந்த இடைவெளியை மற்றத் துவாய்களால் நிரப்பினேன்.

புழுக்கொடியலும் கொஞ்சம் ஊறுகாயும் யாராவது வருபவர்களிடம் கொடுத்துவிடு. செப்டம்பர் 29 கழிந்ததும் எழுதுகிறேன். கண்ணைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
பின்கட்டுக் கூட்டாளி