மாவட்ட அரசு அருங்காட்சியகங்கள் சமூக ஊடகப் பக்கம் நடத்த ஆணை கோரும் மனு

அனுப்புநர்:
வரலாற்று ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை,
எழும்பூர், சென்னை – 600 008.

பொருள்: காப்பாட்சியர்களும் பணியாளர்களும் தத்தம் அருங்காட்சியகத்தின் பெயரில் சமூக ஊடகத்தில் எழுதவும் பேசவும் ஆணை வழங்கக் கோருதல் – சார்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஆண்டுதோறும் மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்பவள் நான். வீடு திரும்பியதும் பிள்ளைகள் கைப்பேசியில் ‘முதுமக்கள் தாழி’ என்று தேடுகிறார்கள். வயதானவர்களை உயிரோடு தாழிக்குள் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற கதைதான் ரீல்ஸ் ரீல்ஸாக வந்து விழுகிறது. மறுநாள் வகுப்பில் அதையே என்னிடம் சொல்கிறார்கள். இறந்தவரின் உடலையோ எலும்புகளையோ வைத்துப் புதைத்த ஈமத்தாழி அது என்று, தாழியின் பக்கத்தில் நின்று காப்பாட்சியர் ஒரு நிமிடம் பேசிய காணொளி இருந்தால், அதைக் காட்டி நான் பாடம் நடத்துவேன்.

ஒரு படம் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தங்கள் துறை நூறாண்டுக்கு முன்பே கண்டிருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசர் வெண்கலச் சிலையைப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் நேரில் பார்த்ததே இல்லை. புகைப்படங்களை வைத்தே 1913இல் அந்தத் திருமேனியைப் பற்றி உருகி எழுதினார்; 1921இல் அது அச்சேறியது.

இதற்கு விளம்பர நிறுவனம் எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடப்பட்டபோது, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரிலுள்ள தேசிய கவ்பாய் அருங்காட்சியகம் தன் ட்விட்டர் பக்கத்தைப் பாதுகாப்புப் பிரிவுத் தலைவரிடம் ஒப்படைத்தது. அவர் தமக்குத் தெரிந்த மாதிரி, வெள்ளந்தியாக, காட்சிப்பொருள்களைப் பற்றி எழுதினார். உலகெங்கும் லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். நம் காட்சிக்கூடங்களிலும் ஒவ்வொரு பொருளின் கதையும் அறிந்த பணியாளர்கள் இருக்கிறார்கள். எழுதலாமா கூடாதா என்ற தயக்கம் நீங்க, அவர்களுக்குத் தங்கள் எழுத்துப்பூர்வ ஆணை வேண்டும்.

எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் இறங்க வேண்டியதில்லை. முதலில் இன்ஸ்டாகிராமோ ஃபேஸ்புக்கோ ஒன்று போதும். வாரம் இரண்டு பதிவு, தமிழில். பொருள் எங்கே கிடைத்தது, எந்தக் காலம், எந்தக் கூடத்தில் இருக்கிறது என்ற விவரம் படத்தோடு வர வேண்டும். பார்வையற்றோருக்காகப் படத்தை விவரிக்கும் இரண்டு வரியும் சேர்க்க வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதும் பக்கத்தின் மேலேயே தெரியட்டும். குழந்தைகளோடு வெளியூரிலிருந்து வருபவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப நேராது.

கணக்கை அலுவலக மின்னஞ்சலில் தொடங்க வேண்டியது மிக முக்கியம். சொந்த எண்ணில் தொடங்கினால் அலுவலர் மாறுதலாகிப் போகும்போது கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். இருப்பறை, பூட்டு, கேமரா இருக்குமிடம் ஆகியவை எந்தப் படத்திலும் விழக்கூடாது என்ற விதியும் ஆணையில் இடம்பெற வேண்டும். பின்னூட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். பதில் வராத பக்கத்துக்கு யாரும் மறுபடி வரமாட்டார்கள்.

1910இல் தொடங்கப்பட்ட எங்கள் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தையும் இதில் சேர்த்து, உலக அருங்காட்சியக நாளான மே 18 அன்று முதல் பதிவு வெளிவர ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மாணவர்களின் கேள்விகளைத் தொகுத்து மாதந்தோறும் காப்பாட்சியருக்கு அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரலாற்று ஆசிரியை

இடம்: புதுக்கோட்டை