இஞ்சு டேப்பை எடுக்கும் முன்...

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டியான தேசியக் கால்பந்து லீகின் (NFL) 32 அணிகளின் பொது மேலாளர்களுக்கும், ஆள் தேர்வு செய்யும் ஸ்கவுட்டுகளுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை என் மகனை ஒரு கல்லூரியின் கோடை முகாமுக்கு அழைத்துப் போனேன். பணம் கட்டி, மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனது. அவன் எட்ஜ் ரஷர்; தற்காப்பு வரிசையின் ஓரத்திலிருந்து (எட்ஜ்) பாய்ந்து, பந்தை எறியும் குவாட்டர்பேக்கைப் பிடிப்பவன். 6 அடிக்குக் கொஞ்சம் குறைவு. வாசலிலேயே கையை நீட்டச் சொல்லி, தோளிலிருந்து விரல் நுனிவரை இஞ்சு டேப் வைத்தார்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு கடைசிக் குழுவில் நிறுத்தினார்கள். மாலைவரை, அந்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பெரிய ஆளான ஒரு டேக்கிளுக்கு எதிராக ஒரே ஒரு முறைகூட இறக்கவில்லை. கேட்டதற்கு, "மேலே இந்த அளவைத்தான் பார்க்கிறார்கள்" என்றார்கள். மேலே இருப்பவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல்.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. எதிரணி பந்தோடு ஓடிவரும் ரன் ஆட்டத்தில் 310 பவுண்டு டேக்கிளும் அவன் பக்கத்தில் நின்று தடுக்கும் டைட் எண்டும் சேர்ந்து தள்ளினால் 240 பவுண்டுப் பையன் பின்வாங்கத்தான் செய்வான். ஆனால் குவாட்டர்பேக்கைத் துரத்தும்போது தாழ்ந்து வருபவனுக்குத்தான் பலம். 6 அடி 5 அங்குல ஆள் குனிந்து அவன் தோளைத் தேடுவதற்குள், கை புல்லை உரச அவன் சாய்ந்து வளைந்து போய்விடுவான்.

நீங்கள் ஆண்டுதோறும் கம்பைன் என்ற தேர்வு முகாம் நடத்தி அளவெடுக்கும் இண்டியனாபொலிஸிலேயே இதைப் பார்த்தீர்களே! கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்டில், 6 அடி 1 அங்குல டுவைட் ஃப்ரீனியை அந்த ஊர் அணி 2002-இல் 11-ஆவதாக எடுத்தபோது, இந்த உயரத்துக்கா இவ்வளவு முன்னால் என்றார்கள். 125.5 சாக்குகள் (பந்தை எறியும் முன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்து, 2024-இல் புகழ் மண்டபத்துக்குப் போனார். மறுமுனையில் நின்ற ராபர்ட் மாதிஸ் ஐந்தாம் சுற்றில் வந்தவர்; 123 சாக்குகள். 5 அடி 11 அங்குல எல்விஸ் டூமர்வில் நான்காம் சுற்றுவரை காத்திருந்தார். 2009-இல் 17 சாக்குகளோடு லீகிலேயே முதலிடம். ஜேம்ஸ் ஹாரிசனை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. 2008-இன் சிறந்த தற்காப்பு வீரர் அவர்தான்.

எனக்கு அதிகம் வலிப்பது ஹாசன் ரெடிக்கின் கதை. 2017-இல் 13-ஆவதாக எடுத்துவிட்டு, எட்ஜுக்கு உடம்பு போதாது என்று முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் உள் லைன்பேக்கராக நிறுத்தினார்கள். மூன்று ஆண்டுகளில் மொத்தம் 7.5 சாக்குகள். 2020-இல் எட்ஜுக்குத் திருப்பி அனுப்பிய ஒரே பருவத்தில் 12.5. அடுத்த ஆண்டு வேறு அணியில் 11, அதற்கடுத்த ஆண்டு இன்னொரு அணியில் 16. இடையில் வீணான அந்த மூன்று ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? இந்த ஆட்டத்தில் ஒருவனுக்குக் கிடைப்பதே எத்தனை ஆண்டுகள்?

எடை மேடை ஏறும் முன் பையன்கள் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறார்கள். அது உங்களுக்கும் தெரியும், தெரிந்தும் அந்த எண்ணைத்தான் எழுதிக்கொள்கிறீர்கள். கைக்கு ஒரு எண், உள்ளங்கைக்கு ஒரு எண், இடுப்புக்கு ஒரு எண் என்று சந்தையில் மாடு பிடிப்பது போலப் பார்க்கிறீர்கள். மன்னிக்கவும், கோபத்தில் வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது.

அளக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டத்தை முதலில் பாருங்கள், டேப்பைப் பிறகு எடுங்கள். கையளவு குறைவு என்று ஒரு பையனின் பெயரை அடிக்கும் முன், அவன் டேக்கிளோடு மோதிய ஆட்டங்களை முழுசாகப் பாருங்கள். எடுத்துக்கொண்டால் அவனை எட்ஜிலேயே நிறுத்துங்கள். நீங்கள் மாறினால் கல்லூரிகளும் மாறும். தயவுசெய்து பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
டெக்சாஸிலிருந்து ஒரு அப்பா