அந்தப் பதினைந்து

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீயே உன் கையால் எழுதியிருப்பதைப் பார்த்ததும் பாதிக் கவலை தீர்ந்தது. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே. எனக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம்.

தங்கத்தை விற்று வெள்ளியாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். உன் கணக்கு புரியாமல் இதைச் சொல்லவில்லை. பூமியின் மேலோட்டில் தங்கத்தைவிட ஏறக்குறைய இருபது மடங்குதான் வெள்ளி அதிகம். சுரங்கங்களிலிருந்து ஆண்டுதோறும் வருவது ஏறக்குறைய ஏழெட்டு மடங்குதான். அப்படியிருக்க விலையில் மட்டும் ஏன் இத்தனை தூரம், பழையபடி 15க்கு 1 என்று, அதாவது பதினைந்து பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்று, வந்துதானே தீர வேண்டும் என்கிறாய்.

அந்தப் பதினைந்தை வகுத்தவை நாணயச்சாலைகள், சிவா. இயற்கைக்கு அதில் பெரிய பங்கில்லை. 1717இல் இங்கிலாந்து நாணயச்சாலைக்குத் தலைவராக இருந்த நியூட்டனின் அறிக்கையை ஒட்டி, கினி என்ற தங்க நாணயத்துக்கு 21 வெள்ளி ஷில்லிங் என்று நிர்ணயித்தார்கள். அதிலிருந்து வருவது 15.2. அமெரிக்கா 1792இல் 15 என்று சட்டம் இயற்றி, 1834இல் அதையே 16 ஆக்கியது. குறித்த விகிதத்தில் இரண்டையும் வாங்கி நாணயம் அடித்துத் தர அரசுகள் இருந்தவரை கணக்கு நின்றது. 1870களில் ஜெர்மனியும் அமெரிக்காவும் மற்ற நாடுகளும் தங்கத்தின் பக்கம் சாய்ந்தன. தாங்கிய கை விலகியதும் வெள்ளி சரிந்தது. 2020 மார்ச்சில் விகிதம் 120ஐத் தாண்டியபோது அதை இழுத்துப் பிடிக்க எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்று. வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு வெட்டும் இடங்களில் கூடவே வருவது. விலை ஏறினாலும் வரத்து சட்டென்று கூடாது, இறங்கினாலும் குறையாது. அதனால்தான் அது அப்படித் துள்ளுகிறது. 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. மார்ச் 27 அன்று 11 டாலருக்கும் கீழே கிடந்தது. நம் வயதில் இந்த ஆட்டம் தாங்காது.

ஆனால் வெள்ளியைத் தாழ்த்திப் பேசினால் எனக்குப் பொறுக்காது. உலோகங்களில் மின்சாரத்தையும் வெப்பத்தையும் அதைப்போல் கடத்துவது வேறில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் அணுகுண்டுக்காக யுரேனியத்தைப் பிரிக்கும் காந்தங்களுக்குக் கம்பிச்சுருள் வேண்டியிருந்தது. செம்போ போர்த் தளவாடங்களுக்கே போதவில்லை. ஆயிரக்கணக்கான டன் வெள்ளி கடன் வேண்டும் என்று கருவூலத்திடம் போய்க் கேட்டார்கள். அங்கிருந்த அதிகாரி, நாங்கள் வெள்ளியை டன்னில் பேசுவதில்லை, அவுன்ஸில்தான் பேசுவோம் என்றாராம். ஆனாலும் பதின்மூவாயிரம் டன்னுக்கு மேல் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் சிறு சேதாரம் போக எல்லாம் திரும்பி வந்தது. உருக்கி, கம்பியாக்கி, சுற்றி, மறுபடி உருக்கியும்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தங்கத்துக்கும் தொழிலில் இடம் உண்டு, ஆனால் கொஞ்சம். இதுவரை தோண்டிய இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தில் பெரும்பகுதி இன்றும் எங்கோ பத்திரமாக இருக்கிறது. வெள்ளி சூரியத் தகடுகளிலும் மின்னணுக் கருவிகளிலும் சிறிது சிறிதாகக் கலைந்துபோகிறது. தங்கம் மாறாது என்ற நம்பிக்கைக்குத்தான் உலகம் அந்த விலை கொடுக்கிறது. உன் சேமிப்புக்கு வேண்டியதும் அந்த மாறாமைதான்.

பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது தொடர் ஓட்டத்தில் நாம் வாங்கிய வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. கரிக்கட்டைபோல் கறுத்திருந்தது. காற்றிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் செய்யும் வேலை அது. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, பதக்கத்தை அதன்மேல் வைத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினேன். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விட, வெள்ளி வெள்ளியாகவே மீண்டது. புளி, சாம்பல் என்று தேய்த்தால் உலோகமும் கொஞ்சம் போய்விடும். இதில் அந்த இழப்பு இல்லை. உன்னுடையது இன்னும் இருக்கிறதா? கண் முழுதாகத் தெளிந்த பிறகு தேடிப் பார்.

அன்புடன்,
முத்து