மோதாமல் பக்கைப் பறித்தவர்

என் அன்பு மகளுக்கு,

நீ பழக்குகிற ஐஸ் ஹொக்கி அணியின் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, எதிராளியைத் தடுக்கிற பின்வரிசை ஆட்டம் பழக்க யாருடைய வீடியோவைக் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். சுவீடன் பின்வரிசை வீரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமைக் காட்டு. பெண் பிள்ளைகளின் ஹொக்கியில் உடம்பால் மோதித் தடுக்க விதி இடம் தராது. ஆளை அரங்கைச் சுற்றி நிற்கிற பலகையோடு சேர்த்து இடிக்கிற வீரர்களின் வீடியோவைப் பார்த்தால் உன் பிள்ளைகள் தண்டனையாய்ப் பெனால்டிப் பெட்டிக்குப் போய் இருக்கத்தான் பழகுவார்கள். லிட்ஸ்ட்ரோமோ, மோத அனுமதி உள்ள வட அமெரிக்க என்.எச்.எல். லீக்கில் இருபது சீசன் ஆடியும் மோதலை நம்பாதவர். காலும் ஸ்டிக்கும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் உடம்பு தேவையில்லை என்பதை அவரைப்போல வேறு யாரும் இவ்வளவு காலம் காட்டவில்லை.

ஒரு கணக்கைப் பார். லீக் ஆட்டங்கள் 1564. பெனால்டி நிமிடங்கள் 514. ஒரு சின்னப் பெனால்டி 2 நிமிடம் என்றால், ஏறக்குறைய ஆறு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் தவறு செய்திருக்கிறார். அதுவும் எதிரணியின் மிகக் கெட்டித்தனமான முன்வரிசைக்கு எதிராகவே இறக்கிவிடப்பட்டவர், பெரும்பாலான சீசன்களில் ஆட்டத்துக்கு 25 நிமிடத்துக்கு மேல் பனியில் நின்றவர். ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுக்கிறதும் கையால் பிடிக்கிறதும் ஆள் நம்மைத் தாண்டிப் போன பிறகு வருகிற வேலை. அவரை யாரும் லேசில் தாண்டவில்லை, அதனால் அவருக்குப் பிடிக்கத் தேவை வரவில்லை.

1970இல் பிறந்தவர். சுவீடனின் அவெஸ்டா பக்கத்துப் பிள்ளை, பிறகு வெஸ்டெரோஸ் அணியில் ஆடி வளர்ந்தார். 1989இல், என்.எச்.எல். அணிகள் புது வீரர்களை எடுக்கிற தேர்வில் டெட்ராய்ட் அணி அவரை 53ஆவது ஆளாக எடுத்தது. அதே தேர்வில் 74ஆவதாக செர்கேய் ஃபெதரோவையும் 221ஆவதாக விளாதிமிர் கொன்ஸ்தாந்தினோவையும் எடுத்தார்கள். அப்படி ஒரு தேர்வு ஒரு கிளப்புக்குத் தலைமுறைக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். இரண்டு வருடம் சுவீடனிலேயே விட்டு வைத்து, 1991இல் கூப்பிட்டார்கள். முதல் சீசனிலேயே 60 புள்ளி: 11 கோல், மற்றவர்கள் போட்ட கோலுக்கு 49 உதவி. சிறந்த புதுமுகம் என்ற விருது பவேல் பூரேக்குப் போனது, இவர் இரண்டாவது. அந்த வருடம் இவருக்குச் சோடியாய் நின்றவர் அனுபவம் முற்றிய பிராட் மெக்கிரிமன். வீட்டை விட்டுப் போகாமல் காவல் நிற்கிற ஆள் அவர். அதனால் இளையவர் பக்கோடு, அதாவது பனியில் சறுக்குகிற அந்த ரப்பர் வட்டோடு, முன்னே போகப் பயப்படவில்லை. உன் அணியிலும் துணிஞ்ச பிள்ளையையும் நிதானமான பிள்ளையையும் சோடி சேர். துணிஞ்சவர்கள் இரண்டு பேரை ஒன்றாய் விட்டால் இரண்டு பேரும் மேலே போய்விடுவார்கள், பிறகு கோல் காப்பவள் தனிய நிற்பாள்.

1997 ஸ்டான்லி கிண்ண இறுதிச் சுற்றை, என்.எச்.எல். பட்டத்துக்கான ஆட்டங்களை, பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டு. எதிரணி பிலடெல்பியா. அவர்களின் முதல் வரிசை எரிக் லின்ட்ரொஸ், ஜோன் லெக்ளேர், மிக்கேல் ரென்பெரி: மூன்று பேரும் மலை மாதிரி ஆட்கள், அதுவரை வந்தவர்களையெல்லாம் உடம்பாலேயே நசுக்கிக்கொண்டு வந்தவர்கள். டெட்ராய்டிடம் இடிக்கத் தெரிந்த கொன்ஸ்தாந்தினோவ் இருந்தார். அவரைத்தான் லின்ட்ரொஸுக்கு எதிரே விடுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்க்க, பயிற்சியாளர் ஸ்கொட்டி போமன் விட்டது லிட்ஸ்ட்ரோமையும் லாரி மர்ஃபியையும். இரண்டு பேரும் இடிக்கிறவர்கள் இல்லை. ஆனால் மூலைக்கு வந்த பக்கை அந்தப் பெரிய ஆட்கள் வந்து சேர முந்தியே எடுத்து, ஒரே பாஸில் வெளியே அனுப்பக்கூடியவர்கள். இடிக்க வந்தவன் இடிக்கிற நேரத்தில் பக் அங்கே இல்லை. நான்கு ஆட்டத்திலும் டெட்ராய்ட் வென்றது. அந்த இறுதிச் சுற்று முழுக்க லின்ட்ரொஸ் போட்டது ஒரே ஒரு கோல், அதுவும் கடைசி ஆட்டத்தின் கடைசி விநாடிகளில். அந்த ஆட்டத்தின் முதல் கோலைப் போட்டவர் லிட்ஸ்ட்ரோம். கிண்ணம் வென்ற ஆறாம் நாள் நடந்த கார் விபத்தில் கொன்ஸ்தாந்தினோவின் ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. அதற்கு அடுத்த வருடம் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துதான் 1998 கிண்ணத்தை எடுத்தார்கள். நினைத்தால் இப்பவும் மனது கனக்கும்.

இனி நீ கேட்ட விஷயம்.

ஒருத்தி பக்கோடு உன் பிள்ளையை நோக்கி வருகிறாள் என்று வை. லிட்ஸ்ட்ரோமின் வீடியோவில் முதலில் அவருடைய இடைவெளியைப் பார்க்கச் சொல். நடுப்பகுதியில் இரண்டு ஸ்டிக் நீளம், தன் பக்கத்துப் பகுதி தொடங்குகிற நீலக்கோட்டுக்கு வரும்போது ஒரு ஸ்டிக் நீளம். பிள்ளைகள் பயத்தில் வெள்ளெனவே பின்னுக்குச் சறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்ப இடைவெளி விரிந்து, வருகிறவள் சும்மா நீலக்கோட்டைத் தாண்டி உள்ளே வருவாள். பிறகு உன் பிள்ளையையே திரையாக வைத்து அடிப்பாள், கோல் காப்பவளுக்குப் பக்கே தெரியாது. மற்றப் பக்கம், கனநேரம் நின்றுவிட்டுத் திரும்பினால் வேகம் எடுக்க நேரம் இல்லை, பக்கத்தாலே ஓடிவிடுவாள். ஆகவே வருகிறவளை நோக்கி முதலில் முன்னுக்குப் போய் இடைவெளியைக் குறைத்து, பிறகு அவளுடைய வேகத்தையே எடுத்துக்கொண்டு பின்னுக்குச் சறுக்க வேண்டும்.

அடுத்தது நிற்கிற கோடு. நேருக்கு நேர் நிற்கக்கூடாது. உன் பிள்ளையின் வெளித்தோள், வருகிறவளின் உள்தோளுக்கு நேரே இருக்க வேண்டும். அப்ப நடுவால் போகிற வழி அடைபட்டுவிடும், பலகைப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். அங்கே போனால் பலகைதான் உனக்கு இரண்டாவது தடுப்பு ஆள். லிட்ஸ்ட்ரோம் ஆளை மூலைக்கு அனுப்புகிற விதம் இதுதான். பார்க்கிறவருக்கு அந்த ஆள் தானாகவே போய் மாட்டின மாதிரி இருக்கும். கண் பக்கில் இருக்கக்கூடாது, நெஞ்சில் இருக்க வேண்டும். பக் இடமும் வலமும் ஆடும், நெஞ்சு பொய் சொல்லாது.

ஸ்டிக் ஒரு கையில், அதன் அடியில் இருக்கிற தட்டு பனியில் பட்டபடி. இரண்டு கையாலும் பிடித்தால் எட்டுகிற தூரம் பாதியாய்க் குறையும், தோளும் முறுகும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முழங்கையை மடித்து உடம்போடு ஒட்டி வைத்திருந்தால், உன் பிள்ளையின் கை எவ்வளவு தூரம் வரும் என்று எதிராளிக்குத் தெரியாது. அவள் எட்டுகிற எல்லைக்குள் வந்த பிறகு முழங்கையை மட்டும் நீட்டி ஸ்டிக்கால் பக்கைக் குத்த வேண்டும். இடுப்பை நீட்டிப் பாய்ந்தால் பாரம் முழுக்க முன்காலுக்கு வந்துவிடும். தவறினால் திரும்ப எழும்புவதற்குள் அவள் வலைக்கு முன்னால் நிற்பாள். காலைக் குறுக்கே போட்டு மாற்றுவதும் தூரத்தில் இருக்கும்போது மட்டும்தான். ஆள் கிட்ட வந்த பிறகு கால் குறுக்கே இருந்தால் அவள் மற்றப் பக்கம் வெட்டினவுடன் விழ வேண்டியதுதான்.

ஸ்டிக் சறுக்குச் சப்பாத்தோடு நிற்கும்போது நாடியளவு இருக்கட்டும். பின்வரிசைப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூட இருந்தாலும் சரி. மூக்குக்கு மேலே போனால் பக்கைக் காலுக்குக் கிட்ட எடுக்க முடியாது.

இந்த முறை எவ்வளவு உறுதியானது என்பதற்கு 2005 நல்ல அத்தாட்சி. தொழில் தகராறால் 2004-05 சீசன் முழுக்கவே நடக்கவில்லை. திரும்ப வந்தபோது, கொக்கி போடுவதையும் இழுப்பதையும் நடுவர்கள் கண்டிப்பாய்த் தண்டிக்கத் தொடங்கினார்கள். நடுவர் கண்டுகொள்ளாததை நம்பிக் காலம் கடத்தின பல பின்வரிசை வீரர்கள் திண்டாடிப்போனார்கள். லிட்ஸ்ட்ரோம் அதுவரை ஆடினமாதிரியே ஆடி 2006, 2007, 2008 என்று மூன்று வருடம் தொடர்ந்து நோரிஸ் விருதை எடுத்தார், சிறந்த பின்வரிசை வீரருக்குக் கொடுக்கிற விருதை. அப்ப அவருக்கு வயது 36, 37, 38.

அந்த விருதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998, 1999, 2000 மூன்று வருடமும் அவர் இரண்டாவது இடம். முதல் நோரிஸ் 2001இல், 31 வயதில்தான் கிடைத்தது. பிறகு மொத்தம் ஏழு. எட்டு எடுத்த பொபி ஓர் ஒருவர்தான் அவருக்கு மேலே. சத்தமில்லாத ஆட்டம் கண்ணில் பட நேரம் எடுக்கும். உன் அணியில் யாரும் கவனிக்காத ஒருத்தி இருந்தால் அவளை நீ கவனி, அம்மாமார் அப்பாமார் கோல் போடுகிற பிள்ளையைத்தான் பார்ப்பார்கள்.

எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டிலிருந்து அடிக்கிறதிலும் அவரிடம் படிக்க இருக்கிறது. கோட்டிலிருந்து கோல் கோடு 64 அடி. பிள்ளைகள் ஸ்டிக்கைத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடிக்கத்தான் ஆசைப்படுவார்கள். ஓங்குகிற நேரத்துக்குள் எதிராளி முன்னால் வந்துவிடுவாள், பக் அவளுடைய முழங்கால் காப்பில் பட்டு வெளியே பாயும், அவள் தனிய உங்கள் வலைக்கு ஓடுவாள். லிட்ஸ்ட்ரோம் தலையை நிமிர்த்தி, பக்கைப் பக்கவாட்டாய் ஓரடி இழுத்து வழியைத் திறந்துவிட்டு, குறைந்த ஓங்கலில் முழங்கால் உயரத்துக்குள் அடிப்பார். அந்த உயரத்தில் போனால்தான் வலைக்கு முன்னால் நிற்கிறவர் ஸ்டிக்கால் திசை மாற்ற முடியும். வழியே இல்லையென்றால் வேண்டுமென்றே வலைக்கு வெளியே, பின்பலகைக்கு அடித்து மற்றப் பக்கம் வர வைப்பார். டெட்ராய்டின் பழைய ஜோ லூயிஸ் அரங்கில் பின்பலகைகள் பக்கை நல்ல வேகத்தில் திருப்பி அனுப்பின, அது அவர்களுக்கு ஆறாவது வீரன் மாதிரி இருந்தது. உன் அரங்கின் பலகை எப்படித் திருப்புகிறது என்று ஒரு நாள் பிள்ளைகளை விட்டு அடித்துப் பார்.

2002இல் வன்கூவருக்கு எதிரே முதல் இரண்டு ஆட்டமும் தோற்று நின்றபோது, மூன்றாவது ஆட்டத்தில் மைதானத்தின் நடுவிலிருந்து அவர் அடித்த பக் கோல் காப்பாளர் டான் க்ளூட்டியேயைத் தாண்டி உள்ளே போனது. பார்த்தவர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். எதிரணிப் பகுதிக்குள் சும்மா அனுப்புகிற பக்கைக்கூட வலையை நோக்கியே அனுப்புகிற பழக்கம் இருந்தபடியால்தான் அந்த அதிர்ஷ்டம் அவருக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தொடரில் டெட்ராய்ட் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. அந்த வருடம் கிண்ணத்தோடு, இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருதும் அவருக்கு. ஐரோப்பியர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2006 டூரின் ஒலிம்பிக் இறுதியில் பின்லாந்துக்கு எதிரே மூன்றாம் பகுதி தொடங்கிப் பத்து விநாடியில் அவர் அடித்ததுதான் சுவீடனுக்குத் தங்கம் கொடுத்த கோல். 2008இல் அணித்தலைவராய் நான்காவது கிண்ணம்.

1994-95 சீசன் பாதியாய்க் குறுகிப்போனது. அதை விட்டால் எந்த சீசனிலும் 70 ஆட்டத்துக்குக் குறைய அவர் ஆடவில்லை. மோதாதவனுக்கு அடியும் குறைவு என்பது அதில் ஒரு பங்கு. கடைசிப் பகுதியைப் பிள்ளைகளிடம் மறைக்காதே. 2010 டிசம்பரில், நாற்பது வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாய் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். அதே சீசனில்தான், அவர் பனியில் நிற்கும்போது அணி போட்ட கோலுக்கும் வாங்கின கோலுக்குமான வித்தியாசம் முதலும் கடைசியுமாய்க் கழித்தலுக்குப் போனது: கழித்தல் 2. முழு வாழ்க்கைக்கும் கூட்டல் 450. அடுத்த சீசனில் கணுக்காலில் அடிபட்டு ஆட்டங்களைத் தவறவிட்டார். 2012 மே 31ஆம் திகதி, கோடைகாலப் பயிற்சிக்குத் தன்னைத் தள்ளிக்கொண்டு போகிற உந்துதல் முந்தின மாதிரி இல்லை என்று உணர்ந்து, 42 வயதில் விலகினார். இன்னொரு வருடத்துக்கு ஒப்பந்தம் கொடுக்க டெட்ராய்ட் காத்துக்கொண்டுதான் இருந்தது.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஒன்று செய். தாக்குகிறவளைப் பக்கோடு அவளுடைய கோல் கோட்டில் நிறுத்து. தடுக்கிறவள் நடுச் சிவப்புக் கோட்டில். விசிலோடு தடுக்கிறவள் முன்னுக்குப் போய் அந்தப் பக்கத்து நீலக்கோட்டைத் தொட்டுவிட்டுப் பின்னுக்குச் சறுக்கத் தொடங்கட்டும். முதல் ஐந்து தடவை தடுக்கிறவள் ஸ்டிக்கைத் தலைகீழாய்ப் பிடிக்கட்டும், தட்டு கையில், பிடி கீழே. பக்கைக் குத்த வழியில்லாதபோதுதான் கால் வேலை செய்யும். பிறகு ஸ்டிக்கை நேராய்க் கொடு. ஒரு ஓட்டம் எட்டுப் பத்து விநாடிதான் வரும், அதைப்போல மூன்று மடங்கு ஓய்வு விடு. களைத்தால் முதலில் நிமிர்வது முழங்கால், அதோடு எட்டுகிற தூரமும் போய்விடும். இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து நிற்கிறதைக் கண்டால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு பாஸ் பழகவிடு.

வீடியோ எடுத்தால் எனக்கும் அனுப்பு. பலகைக்கு மேலே, நீலக்கோட்டுக்கு நேரே நின்று எடு. வலைக்குப் பின்னாலிருந்து எடுத்தால் இடைவெளி தெரியாது.

அன்புடன்,
அம்மா