கொல்லிமலை ஏறப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

பொங்கலுக்கு வரும்போது புது சைக்கிளையும் கொண்டுவருகிறேன், கொல்லிமலை ஏறப்போகிறேன் என்று நீ போனில் சொன்ன அன்று உன் அம்மாவுக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. "நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லப்போவதில்லை. நீ எட்டாவது படிக்கும்போது ஒருமுறை சொல்லியிருக்கிறேன். உன் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளி போய் முதல் பத்து வளைவு ஏறிவிட்டு வருகிறார்கள், நானும் போகட்டுமா என்று கேட்டாய். பையன்கள் போகட்டும், உனக்கு எதுக்கு என்றேன். அப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. சைக்கிள் கடைக்காரன் மகளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. அதனால் இந்தத் தடவை எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு என்று கேட்டதும் எல்லோரும் மிரள்கிறார்கள். ஏற்காட்டுக்கு 20 தானே, அது சுலபம் என்று நினைக்கிறார்கள். கால் அப்படிக் கணக்குப் போடாது. இரண்டு மலைக்கும் அடிவாரத்திலிருந்து ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். தூரமும் இரண்டிலும் இருபது கிலோமீட்டருக்கு மேல். வளைவு என்பது மலையைச் சுற்றிச் சுற்றி ஏற்றத்தைக் குறைக்கப் போட்டது. அதிக வளைவு இருந்தால் அதிகக் கஷ்டம் என்று அர்த்தமில்லை. அதனால் பெங்களூரிலிருந்து வந்ததும் நேராகக் காரவள்ளிக்குப் போகாதே. சேலத்தில் அத்தை வீட்டில் ஒருநாள் தங்கு. விடிகாலையில் ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஏறி, ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கு. அதை மூச்சு வாங்காமல், நடுவில் ஒருவரிடம் பேசுகிற அளவுக்கு ஏற முடிந்தால் கொல்லிமலையும் ஏறிவிடுவாய். முடியாவிட்டால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் கியர். 1984-ல் நானும் ஒருமுறை கொல்லிமலைக்கு சைக்கிளில் போயிருக்கிறேன். உனக்கு இதைச் சொன்னதில்லை. என் வண்டிக்கு முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை சுற்று சுற்றும். சமவெளியில் அது நல்ல கணக்கு. ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் உடம்பையே தூக்கி வைக்க வேண்டும். ஐந்தாறு வளைவு மிதித்தேன், மீதி வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே போனேன். உன் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 என்று சொன்னாய். பின்னால் பெரியது 32 பல் இருந்தால் ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் மேலேதான் போகும். அது போதும், உட்கார்ந்தபடியே ஏறலாம். 25 அல்லது 28 இருந்தால் அங்கேயே கடையில் சொல்லி மாற்றிக்கொண்டு வா. இதில் கௌரவம் பார்க்காதே. முட்டி தேய்ந்தால் அதற்கு ஸ்பேர் கிடையாது.

நம் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து காரவள்ளி பக்கம்தான். ஐந்தரைக்குக் கிளம்பு, முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். விடிகாலைப் பனியில் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீ தெரியவே மாட்டாய். ஏற்றம் மலையின் மேற்கு முகத்தில் இருப்பதால் வெயில் தாமதமாகத்தான் விழும், காலை முழுக்க நிழலில் ஏறலாம். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். பத்துக்கு ஒருதரம் தண்ணீர் குடி, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. குரங்கு இருக்கிற வளைவில் பையைத் திறக்காதே.

வளைவில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நாம் இடது பக்கம் போகிறவர்கள். வலப்பக்கம் திரும்புகிற வளைவில் நீ வெளிச்சுற்றில் இருப்பாய், அங்கே ஏற்றம் குறைவு, மூச்சு விடலாம். இடப்பக்கம் திரும்புகிற வளைவில் உள்சுற்றில் மாட்டுவாய். அங்கேதான் ரோடு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரை இறக்கிவிடு. உள்ளே போய் மாற்றினால் செயின் இறுகி நிற்கும், காலை ஊன்றக்கூட நேரம் இருக்காது. பஸ் வருகிற சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிடு. பஸ் திரும்பும்போது ரோடு முழுக்க அதற்குத்தான். ஓட்டுநர்கள் நல்லவர்கள், ஆரன் அடிக்காமல் திரும்ப மாட்டார்கள். நீ காதில் பாட்டு போடாமல் இருந்தால் போதும்.

ஏறுவதைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. இறக்கம்தான் பயம். கடை வைத்த புதிதில், மலைமேல் இருக்கிற சோளக்காடு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் கேரியரில் இரண்டு பலாப்பழம் கட்டிக்கொண்டு இறங்கி வந்தான். நேராக நம் கடைக்குத்தான் வந்தான். பிரேக் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, இரும்பு ரிம்மில் உரசி, சுற்றிலும் கோடு போட்டிருந்தது. அதற்குமேல் அவன் செருப்புக் காலைப் பின் டயரில் வைத்து அழுத்தியே இறங்கியிருக்கிறான். செருப்பைக் கழற்றிக் காட்டினான். அடிப்பாகம் உருகி, டயரின் வரி அப்படியே அதில் பதிந்திருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான், எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கு அவனுக்கு நாலு ரப்பரும் மாற்றிக் காசு வாங்காமல் அனுப்பினேன். அதற்கப்புறம் மலைக்குப் போகிற எந்த வண்டிக்கும் பிரேக் பார்க்காமல் நான் காற்றுகூட அடித்ததில்லை.

உன்னுடையது டிஸ்க் பிரேக், பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறி அதுவும் சரியாகப் பிடிக்காமல் போகும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறை, வளைவுக்குள் பிரேக்கை விடு. கண் திரும்பிப் போகிற பக்கம்தான் சைக்கிளும் போகும், அதனால் பள்ளத்தைப் பார்க்காதே, வளைவு முடிகிற இடத்தைப் பார். நடுவில் நின்று நின்று இறங்கு. கை விரல் மரத்துப்போனது தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

மேலே போய்விட்டால் சமதளம் என்று நினைக்காதே, சின்னச் சின்ன ஏற்ற இறக்கமாகத்தான் போகும். தை மாதம் மிளகு பறிக்கிற காலம். ரோட்டோரத்தில் பாய் விரித்துக் காயப்போட்டிருப்பார்கள், காபிக் கொட்டையும் கிடக்கும். அதன்மேல் சக்கரம் ஏறிவிடாமல் போ. ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம் அந்தப் பாயில் இருக்கும். சோளக்காட்டில் மலைவாழைப்பழம் வாங்கிச் சாப்பிடு, நீ கொண்டுவருகிற பாக்கெட் தீனியைவிட நன்றாக நிற்கும். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை இருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுக்கொள். ஆகாய கங்கைக்கு மட்டும் இந்தத் தடவை இறங்காதே. ஆயிரத்துக்கும் மேல் படி, இறங்கிய அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். அப்புறம் மலையிறங்கும்போது தொடை சொன்னபடி கேட்காது. அருவியை நாம் மூன்று பேரும் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம், அம்மாவும் இன்னும் பார்த்ததில்லை.

திரும்பும்போது ஏறிய வழியே வராமல் முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கு. அங்கிருந்து நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், பேளுக்குறிச்சி என்று சுற்றி வீட்டுக்கு வந்தால் நூறு கிலோமீட்டர் பக்கம் ஆகிவிடும். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வயல்களை ஒட்டிப் போகும்போது வாசனையே தெம்பு கொடுக்கும். சனிக்கிழமையில் வேண்டாம், பேளுக்குறிச்சி சந்தைக்கு வருகிற வண்டிகள் நெருக்கும். காணும் பொங்கலும் வேண்டாம், அன்றைக்கு மலை முழுக்கக் காராக இருக்கும்.

டயர் 28 எம்.எம். என்றால் உன் எடைக்குக் காற்று 70 பி.எஸ்.ஐ.-க்கு மேல் அடிக்காதே. கல்மாதிரி இருந்தால் உடைந்த ரோட்டில் துள்ளும். ட்யூப் இரண்டு கொண்டுவா. உன் வால்வு மெல்லிய மூக்கு வைத்த பிரெஸ்டா, இந்தப் பக்கத்துப் பம்பு எதுவும் அதற்குச் சேராது. பித்தளையில் சின்ன அடாப்டர் விற்கிறது, அந்தச் சின்னச் சாமானை மறந்துவிட்டு மலையில் நிற்காதே.

மதியம் இரண்டு மணியிலிருந்து முள்ளுக்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் மொபெட்டோடு நான் இருப்பேன். அவசரப்பட்டு இறங்கவேண்டாம், நாலு மணியானாலும் ஆகட்டும். அம்மா புளிசாதம் கட்டித் தருவதாக இன்று காலையில் ஒத்துக்கொண்டாள். அவளிடம் நீயே ஒருதரம் பேசு.

கிளம்புவதற்கு முந்தின நாள் உன் இரண்டு சக்கரத்தையும் நான் கோட்டம் பார்க்க வேண்டும். ஸ்டாண்டைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். சக்கரக் கம்பியை முறுக்க என்னிடம் இருக்கிற நிப்பிள் சாவி உன் கம்பிக்குச் சேருமா என்று தெரியவில்லை, அங்கே கடையில் காட்டி அளவுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா