மண்டபம் அரைகுறையாய் நிற்பதற்குக் கொந்தராத்துக்காரர் மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சமூக மண்டபம் ஒன்று முதலாம் மாடியோடு நின்று போனதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கொந்தராத்துக்காரர் காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார் என்பது அவர் வாதம். ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கொழும்பில் கட்டட வேலைக் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவன் நான், அப்படிப்பட்டவர்களை நன்றாகத் தெரியும். ஆனால் சதுர அடி விலை கேட்டு, மூன்று பேரில் குறைந்தவருக்கு வேலையைக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது.

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒருவர் சொல்லும்போது மதில் அதற்குள்ளா, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி உள்ளா, டைல்ஸ் என்ன விலையில், 18 வீத வற் வரி சேர்த்தா சேர்க்காமலா, ஒன்றும் தெரியாது. வெள்ளவத்தை, கிருலப்பனைப் பக்கம் கால்வாய் ஓரக் காணி என்றால் மண் பரிசோதனை செய்யாமல் அத்திவாரச் செலவை யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் அது வெறும் ஊகம்தான். பைலிங், அதாவது நிலத்துக்குள் ஆழமாகத் தூண் இறக்குவது, வேண்டும் என்று பிறகு தெரிந்தால் அந்தக் காசு யாருடையது? மூன்று விலையையும் ஒரு தாளில் எழுதி, மண்டபத்தைக் கட்டும் சபை கூடி, தேநீர் குடித்து, குறைந்ததைத் தெரிகிறோம். மூன்று பேரும் விலை சொன்னது மூன்று வேறு கட்டடங்களுக்கு என்பது வேலை தொடங்கிய பிறகுதான் விளங்கும். எதையெல்லாமோ விட்டுவிட்டு விலை போட்டவர்தான் பெரும்பாலும் குறைந்தவர். விட்டதையெல்லாம் அவர் பிறகு "மேலதிக வேலை" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார், நாம் அதை ஏமாற்று என்போம்.

விலை கேட்கப் போகுமுன் நமக்கு என்ன வேண்டும் என்பதை எழுத வேண்டும். ஆர்க்கிடெக்ட்மார் பிரீஃப் என்று சொல்வது இதைத்தான். பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் வேலைத் திட்டம் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. கட்டடம் உண்மையிலேயே தேவையா, இருப்பதைத் திருத்தினால் போதாதா என்று யோசிப்பதற்கே அந்தப் பூச்சியக் கட்டம். முதலாவது கட்டத்தில் பிரீஃப். வரைபடம் இரண்டாவதில்தான் வருகிறது. நம்முடைய சபைகள் இந்த இரண்டையும் தாண்டி, வெளிநாட்டில் உள்ள யாரோ அனுப்பிய கண்ணாடி முகப்புப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு நன்கொடை சேர்க்கத் தொடங்கிவிடும்.

பிரீஃப் என்றவுடன் பெரிய புத்தகம் என்று பயப்பட வேண்டாம். ஒரு மண்டபத்துக்கு நாலைந்து பக்கம் போதும், ஆனால் விடையை எழுதாமல் தேவையை எழுத வேண்டும். மூன்று மாடி வேண்டும் என்று எழுதுவது விடை. ஒரே பந்தியில் 250 பேர் சாப்பிட வேண்டும், சமையல் உள்ளேயே நடக்கும், வெளியே எடுப்பிப்பதில்லை, மணவறை வைத்தால் கூரை உயரம் போதுமா, ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எதையெதை ஓட்ட வேண்டும், வாகனம் எத்தனை வரும், வயதானவர்கள் எந்த வழியால் ஏறுவார்கள், இவையெல்லாம் தேவை. கடைசியாகச் சொன்னதைப் பலர் கருணைச் செயல் என்று நினைக்கிறார்கள். பொதுமக்கள் வந்து போகும் கட்டடத்தில் வலுவிழந்தோருக்கான அணுகல் வசதி 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி கட்டாயம். பிறகு நகர அபிவிருத்தி அதிகாரசபை, மாநகரசபை அனுமதிக்கு எவ்வளவு காலம், கட்டி முடித்த பின் மின்கட்டணம், பராமரிப்பு எல்லாம் எந்த வருமானத்தில் என்பதையும் எழுத வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் பாதி மண்டபங்கள் தாளிலேயே சிறுத்துவிடும், அது நல்லதுதான்.

கையில் உள்ள காசு எவ்வளவு, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்பதை மறைக்காமல் எழுதுங்கள். காசைச் சொன்னால் கொந்தராத்துக்காரர் அவ்வளவையும் உருவிவிடுவார் என்று ஆர்க்கிடெக்டுக்கே சொல்லாமல் வைத்திருக்கும் சபைகளைப் பார்த்திருக்கிறேன். அவர் எந்த அளவுக்கு வரைவது? காலமா, காசா, தரமா, மூன்றும் முட்டிக்கொண்டால் எதை விட்டுக்கொடுப்பது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், சபை சார்பில் கட்டளை கொடுப்பவர் ஒருவர்தான் என்று பெயர் போட்டு எழுதுவது. தலைவர் காலையில் ஜன்னலை அகலமாக்கச் சொல்வார், பொருளாளர் மாலையில் வந்து ஏன் அகலம் என்று கேட்பார், உபயகாரர் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் அந்த ஜன்னலே வேண்டாம் என்பார்.

பெரிய நாடுகளிலும் இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். சிட்னி ஒப்பரா ஹவுஸ் 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலரில் முடியும் என்று தொடங்கி 10 கோடி 20 இலட்சத்தில் முடிந்தது. 1959இல் வரைபடங்கள் முடியுமுன்பே வேலையைத் தொடங்கினார்கள். பெரிய மண்டபம் இசைக் கச்சேரிக்கும் ஒப்பராவுக்கும் என்பது முதல் ஏற்பாடு, நடுவழியில் கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றினார்கள், அதற்குள் பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றி எறிய வேண்டியதாயிற்று. அங்கே அரசாங்கக் காசு, லொத்தர் நடத்திச் சேர்த்தார்கள், தாங்கியது. நம்முடையது கல்யாண மொய்யிலும் உண்டியலிலும் சேர்ந்த காசு.

சரி, பிரீஃப் இருக்கிறது, அடுத்தது வேலையை எந்த முறையில் கொடுப்பது என்பது. முழு வரைபடமும், பி.ஓ.கியூ எனும் வேலை அளவுப் பட்டியலும் தயாரித்து, விலைமனுக் கோரி, செய்த வேலையை அளந்து காசு கொடுப்பது பழைய முறை. நேரம் எடுக்கும், ஆனால் எதற்கு எவ்வளவு என்பது தெரியும், மூன்று பேரும் ஒரே கட்டடத்துக்குத்தான் விலை போடுவார்கள். வடிவமைப்பையும் கட்டுவதையும் ஒருவரிடமே கொடுப்பது இன்னொன்று. இதில் தலையிடி குறைவு என்று எல்லோரும் ஓடுகிறார்கள். உண்மையில் இங்கேதான் நீங்கள் எழுதிக் கொடுத்த பிரீஃபே ஒப்பந்தமாகிவிடுகிறது, எழுதாத எதையும் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. மூன்றாவது, சாமானை நாமே வாங்கிக் கொடுத்து மேசன், தச்சுப் பாஸ்மாருக்குக் கூலி மட்டும் கொடுப்பது. சின்ன வீட்டுக்குச் சரி, தினமும் நின்று பார்க்க வீட்டில் ஆள் இருந்தால். மண்டபத்துக்குச் சபை உறுப்பினர்கள் முறை வைத்து நின்று பார்ப்பார்கள் என்று நம்புவது வீண்.

எந்த முறையைத் தெரிகிறோமோ அதற்கேற்ப நட்டமும் இடம் மாறும். ஸ்கொட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 1997இல் அதிகபட்சமாகச் சொன்னது 4 கோடி பவுண், 2004இல் திறந்தபோது கணக்கு 41 கோடியைத் தாண்டிவிட்டது. வேலையைத் துண்டு துண்டாகப் பல பேருக்குக் கொடுத்து முகாமையாளர் ஒருவரை மேலே வைக்கும் முறையைத் தெரிந்ததால், விலை ஏற்றத்தின் பாரம் முழுவதும் அரசின் தலையிலேயே விழுந்தது என்று விசாரணை நடத்திய பிரேசர் பிரபு குறை சொன்னார்.

நமக்கு 2022 மறக்குமா? டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது, சீமெந்துப் பை 3,000 ரூபாயைத் தாண்டியது. விலை மாற்றத்துக்கு ஈடு கொடுக்கும் பிரிவை ஒப்பந்தத்திலிருந்து வெட்டி எறிந்து, எங்களுக்கு நிலையான விலை கிடைத்தது என்று பெருமைப்பட்ட சபைகள் எல்லாம் அந்த வருடம் ஆளில்லாத கட்டடங்களைக் கண்டன. நட்டத்தில் கட்டிக்கொடுக்க எந்தக் கொந்தராத்துக்காரராலும் முடியாது, ஓடத்தான் செய்வார். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, அதுதான் பழைய இக்டாட், விலைச் சுட்டெண்களை வெளியிடுகிறது. அதை வைத்து ஒப்பந்த விலையைக் கூட்டிக் குறைப்பதற்குச் சூத்திரம் இருக்கிறது, மாதிரி ஒப்பந்தப் பத்திரங்களும் இருக்கின்றன. கொந்தராத்துக்காரர்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்வதும் அந்த அதிகாரசபைதான், விலை கேட்குமுன் பதிவைப் பார்க்க ஒரு காசும் செலவில்லை.

அரசாங்கம் பொருளும் வேலையும் வாங்கும் பெறுகை நடைமுறை தனியார் சபைகளைக் கட்டுப்படுத்தாது. 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள புதிய வழிகாட்டல்களையும் யாரும் நம்மேல் திணிக்கப் போவதில்லை. ஆனால் அதிலிருந்து இரண்டு மூன்று விடயங்களைக் கடன் வாங்கினால் குறைந்தா போவோம்? விலைமனுக்களை ஒரே நேரத்தில், கொடுத்தவர்கள் முன்னிலையில் திறப்பது. முற்பணம் கொடுப்பதென்றால் வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொண்டு கொடுப்பது. ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, கட்டியதில் குறை தெரிந்தால் கொந்தராத்துக்காரரே திருத்த வேண்டிய காலம் முடிந்த பின் விடுவிப்பது. உங்கள் வாசகர் எழுதியதைப் பார்த்தால் முற்பணம் வெறும் பற்றுச்சீட்டுக்குத்தான் கொடுபட்டிருக்கிறது.

அவருக்கு ஒரு வார்த்தை. கோபத்தில் உடனே இன்னொருவரைக் கூப்பிட்டு மிச்ச வேலைக்குச் சதுர அடி விலை கேட்காதீர்கள். முதலில் ஒரு கியூ.எஸ்ஸை, அதாவது கட்டட வேலையின் அளவும் செலவும் கணிப்பவரை, வைத்து, பழைய கொந்தராத்துக்காரருக்கும் எழுத்தில் அறிவித்து, முடிந்த வேலையை அளந்து படமெடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்து வையுங்கள், அவர் வராவிட்டால் வரவில்லை என்று எழுதி வையுங்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த கம்பியையும் கொங்கிரீட்டையும் ஒரு பொறியியலாளர் பார்க்க வேண்டும். பிறகு சபையைக் கூட்டி, இந்த மண்டபம் யாருக்கு, என்னத்துக்கு, இருக்கும் காசுக்கு எதுவரை என்று எழுதி நிறைவேற்றுங்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கும் அதில் ஒரு பிரதி போகட்டும். விலைமனுக் கோரும் விளம்பரத்தை இந்தப் பத்திரிகையிலேயே அதன் பிறகு போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கியூ.எஸ். ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.